பொட்டு வைத்த வயர்

சென்ற வாரம் எங்கள் ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டரை நாற்பத்தோரு முறை கொன்றோம்.

நாற்பத்தோரு முறையும் அது பிழைத்து எழுந்தது. நாற்பத்திரண்டாவது முறையும் பிழைத்துத்தான் எழுந்தது... ஆனால் அது எழுந்த அழகைப் பார்த்து எனக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது.

பயப்படாதீர்கள். கொல்வது என்று நான் சொல்வது, கம்ப்யூட்டருக்குள் இருப்பதையெல்லாம் துடைத்துவிட்டு முதலிலிருந்து புதிதாக ஏற்றுவதை. ஒரு தடவை செய்தால் போதாதா, எதற்கு நாற்பது தடவை? நியாயமான கேள்வி. ஆனால் இதை முதலில் கேட்டவர் நீங்கள் இல்லை. எங்களுக்குக் கீழே இருக்கும் இலைக்கடை அண்ணாச்சி.

பாளையங்கோட்டையில் ஒரு வாழை இலை மொத்தக் கடை. அதன் மாடியில் எங்கள் ஆபீஸ். ஆபீஸ் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நான், ஜைனப், இரண்டு மின்விசிறிகள். அதில் ஒன்று சத்தம் மட்டும் போடும், காற்று வராது.

நான்காவது நாள் அண்ணாச்சி மேலே ஏறி வந்தார். மேஜையில் வயிறு திறந்து கிடந்த கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

“என்னவே, நாலு நாளா ஒரே பொட்டியப் பிரிச்சுப் பிரிச்சு மாட்டுதீரு. சரியாகலன்னா தூரப் போட்டுட்டு வேற வாங்கும்வே.”

“நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. டெஸ்ட் பண்ணுதோம்.”

“நல்லா இருக்கதையா அழிக்கீரு?”

“ஆமா.”

“எதுக்கு?”

“அழிச்சா ஒழுங்கா திரும்பி வருதான்னு பாக்கதுக்கு.”

அண்ணாச்சி ஜைனப்பின் பக்கம் திரும்பி, “நீயாவது எடுத்துச் சொல்லும்மா” என்றார். பைய இறங்கிப் போய்விட்டார்.

விஷயம் இதுதான். ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளி. அங்கே இருபத்தெட்டு கம்ப்யூட்டர்கள். பழைய மாணவிகளும் அவர்கள் வீட்டுக்காரர்களும் ஆளுக்கு ஒன்றாக வாங்கிக் கொடுத்தவை. ஒன்று துபாயிலிருந்து வந்தது, ஒன்று சென்னையில் யாரோ ஆபீஸை மூடும்போது கொடுத்தது, ஒன்று எங்கிருந்து வந்தது என்று பள்ளிக்கே தெரியாது. மொத்தத்தில் ஒரே ஜாடையில் இரண்டு கிடையாது. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி புது சிஸ்டம் போட்டுத் தர வேண்டும். அந்த வேலை எங்களுக்கு வந்தது.

ஒவ்வொன்றாக உட்கார்ந்து போடலாம். ஆனால் இன்ஸ்டால் செய்யும்போது கம்ப்யூட்டர் கேட்கும் கேள்விகள் இருக்கின்றனவே... என்ன மொழி? எந்த ஊர் நேரம்? பாஸ்வேர்டு என்ன? எதை அழிக்கட்டும்? நிச்சயமாகவா? நிஜமாகவே நிச்சயமாகவா? பெண் பார்க்க வந்த இடத்தில்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள். இதையே இருபத்தெட்டு முறை கேட்டால் யாருக்குப் பொறுமை இருக்கும்?

ஆகவே நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். எல்லாக் கேள்விக்கும் பதிலை முன்கூட்டியே எழுதி ஒரு பென்டிரைவில் போட்டுவிடுவது. அதைக் கம்ப்யூட்டரில் மாட்டி ஆன் செய்தால் போதும். யாரையும் எதுவும் கேட்காது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் வேலை முடிந்திருக்கும்.

எனக்கு இதில் ஒரே பெருமை. கேட்டுக் கேட்டுச் செய்பவனை மந்தம் என்கிறோம். கேட்காமல் செய்பவனைத்தானே கெட்டிக்காரன் என்கிறோம்?

இனி டிஸ்க் பற்றி இரண்டு வரி. டிஸ்க் என்பது வீட்டில் பீரோ மாதிரி. சில வீட்டில் ஒன்று இருக்கும், சில வீட்டில் இரண்டு. அந்தப் பள்ளியில் பெரும்பாலானவற்றில் இரண்டு. பழைய பெரிய டிஸ்க் ஒன்று. அதில் பிள்ளைகளின் வேலைகள். கம்ப்யூட்டர் வேகமாக ஓட வேண்டும் என்று இந்த வருடம் வாங்கிப் போட்ட சின்ன டிஸ்க் இன்னொன்று, அது காலி. காலி பீரோவில்தான் புது சிஸ்டத்தை அடுக்க வேண்டும். நிறைந்த பீரோவைத் தொடக் கூடாது. இவ்வளவுதான் சமாச்சாரம்.

ஆனால் கேள்வியே கேட்காத ஆளை வீட்டுக்குள் அனுப்புகிறோம். எந்த பீரோவைக் காலி செய்வது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

நான் எழுதிக் கொடுத்த பதில்: ‘முதலில் இருப்பது எதுவோ, அது.’

இதைச் சோதிக்கத்தான் அந்தக் கொலைகள். ஒரு டிஸ்க் மாட்டி ஒரு தடவை. இரண்டு மாட்டி ஒரு தடவை. மூன்று மாட்டி ஒரு தடவை. இரண்டும் ஒரே அளவு, ஒன்று சின்னது ஒன்று பெரியது, ஒன்று பழுதானது... ஒவ்வொரு விதத்துக்கும் கம்ப்யூட்டரைப் பிரித்து, மாட்டி, அழித்து, ஏற்றி, சரிபார்த்து, மறுபடி பிரிக்க வேண்டும். பட்டியல் போட்டது ஜைனப். நாற்பத்து நான்கு விதம்.

ஜைனப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். காயல்பட்டினத்துக்காரி. தினமும் காலை ரயிலில் வருவாள். கணவர் வளைகுடாவில். அவர் லீவு முடிந்து கிளம்பும் ஒவ்வொரு முறையும் பெட்டி கட்டுவது இவள்தான். பூட்டு உடைந்தால்? கயிறு அறுந்தால்? ஊறுகாய் பாட்டில் கவிழ்ந்தால்? பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால்? எல்லாவற்றையும் யோசித்து, பெட்டியின் ஆறு பக்கமும் பெயர் எழுதி அனுப்புவாள். அதே புத்தியோடுதான் என் ஸ்கிரிப்டையும் பார்ப்பாள். நான் எழுதுவது ஓடுகிறதா என்று பார்ப்பதில் அவளுக்கு ஆர்வம் கிடையாது. எங்கே விழும் என்றுதான் பார்ப்பாள்.

பட்டியலில் ஏழாவது விதம் என்ன தெரியுமா? டிஸ்கே இல்லாத கம்ப்யூட்டர்.

“டிஸ்கே இல்லாம யாரும்மா கம்ப்யூட்டர் வச்சிருப்பா?” என்று கேட்டேன்.

“வச்சிருந்தா?”

மாட்டினோம். என் ஸ்கிரிப்ட் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. கடகடவென்று ஓடி, பச்சை எழுத்தில் அறிவித்தது: ‘நிறுவல் வெற்றிகரமாக முடிந்தது. வாழ்த்துகள்!’

எங்கே நிறுவியது, காற்றிலா? ஜைனப் பட்டியலில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு மட்டும் போட்டாள். அதைச் சரி செய்தேன். இப்படி வழியில் ஐந்தாறு ஓட்டைகள் அடைபட்டன. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் நாற்பத்தோரு விதம் முடிந்து எல்லாம் பச்சை.

மூன்றுதானே பாக்கி? அன்று சாயங்காலமே பென்டிரைவை எடுத்துக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பிவிட்டேன். “பட்டியல் முடியல சார்” என்றாள் ஜைனப். காதில் விழாத மாதிரி படி இறங்கினேன். ஸ்கூட்டரை ஸ்டார்ட் பண்ணும்போது எனக்கே லேசாக உறுத்தியது. ஆனால் திங்கட்கிழமை முடித்துத் தருகிறேன் என்று சொன்னதை வெள்ளிக்கிழமையே முடித்தால் எவ்வளவு கெத்தாக இருக்கும்!

பள்ளியில் கம்ப்யூட்டர் ரூமுக்குப் பொறுப்பு ஸ்டெல்லா டீச்சர். உண்மையில் தாவரவியல் டீச்சர். கம்ப்யூட்டர் ரூமைத் திறந்து வைக்க ஆள் இல்லை என்று சாவியைத் தானே வாங்கி வைத்துக்கொண்டவர். எப்போதும் புன்சிரிப்பு. சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

அவருக்கும் அவர் மாணவிகளுக்கும் அந்தப் பழைய டிஸ்குகளில் ஒரு பொக்கிஷம் இருந்தது. வாழை இலைப் படங்கள். பிள்ளைகளில் பாதிப் பேரின் அப்பா அம்மா ஆற்றுப் பாசன வாழைத் தோட்டங்களில் வேலை பார்ப்பவர்கள். அந்தத் தோட்டங்களிலேயே சில வாழைகளைக் குறித்து வைத்துக்கொண்டு, கன்று நட்டதிலிருந்து தார் வெட்டும் வரைக்கும், இலையில் புள்ளி எங்கே விழுகிறது, எப்படிப் பரவுகிறது என்று பிள்ளைகள் படம் எடுத்து வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே எந்தத் தோட்டம், எந்த வாழை, எத்தனையாவது இலை என்று கையால் குறிப்பு. அதை வைத்து அறிவியல் கண்காட்சிக்குத் தேர்வாகியிருந்தார்கள். இன்னும் பத்தே நாளில் கிளம்ப வேண்டும். சில பிள்ளைகளுக்கு அதுதான் முதல் ரயில் பயணம்.

“இந்த டிஸ்க் பத்திரம் சார்” என்றார் ஸ்டெல்லா டீச்சர். “இது போச்சுன்னா திருப்பி எடுக்க முடியாது. தாரு வெட்டியாச்சு. மரமும் இல்ல.”

“காப்பி இருக்கா டீச்சர்?”

“இருக்கே. என் கம்ப்யூட்டர்ல, அதே டிஸ்க்ல, இன்னொரு போல்டர்ல போட்டு வச்சிருக்கேன்.”

நான் சிரித்துவிட்டேன். பீரோவின் மேல்தட்டில் இருக்கும் நகைக்குப் பாதுகாப்பாகக் கீழ்த்தட்டில் இன்னொரு செட் வைத்த கதை! திருடன் பீரோவோடு தூக்கிக்கொண்டு போனால்? இதை அவரிடமும் விளக்கிச் சொன்னேன். அவரும் சேர்ந்து சிரித்தார்.

“அப்ப வெளிய ஒரு காப்பி எடுத்துரட்டுமா சார்?”

இங்கேதான் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும். ‘எடுங்கள் டீச்சர்’ என்று இரண்டு சொல். சொன்னேனா?

“தேவையே இல்ல டீச்சர்! நாற்பத்தோரு தடவை சோதிச்சிருக்கோம். நூத்துக்கு நூறு. நாங்க வரணும்னுகூட இல்ல. நீங்களே மாட்டலாம். மாட்டிட்டு டீ குடிக்கப் போங்க. வந்து பாத்தா முடிஞ்சிருக்கும்.”

டீச்சர் பென்டிரைவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சரி சார். நாளைக்குக் காலைல பிள்ளைங்க வருவாங்க. ஒண்ணுல மாட்டிப் பாக்கேன்” என்றார். ராஜா மாதிரி வீடு திரும்பினேன்.

மறுநாள் சனிக்கிழமை காலை. ஆபீஸில் ஜைனப் நாற்பத்திரண்டாவது விதத்தை மாட்டிக்கொண்டிருந்தாள். நான் ஜன்னலோரம் டீயோடு.

“காக்கா, கொஞ்சம் இங்கன வாங்க.”

ஜைனப் என்னைச் சாதாரணமாக ‘சார்’ என்பாள். அவர்கள் ஊரில் அண்ணனைக் கூப்பிடும் சொல் ‘காக்கா’. எப்போதாவதுதான் அவள் வாயில் வரும். அது வந்தால் ஏதோ பெரிதாக உடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

“ரெண்டாவது டிஸ்க்ல என்ன இருந்துச்சு?” என்று கேட்டாள்.

“நிறைஞ்ச டிஸ்கா இருக்கட்டும்னு என் மருமகன் காதுகுத்துப் படத்தப் போட்டு வச்சேனே.”

“இப்ப இல்ல.”

பார்த்தேன். காதுகுத்து, மாமன் மடி, மொட்டைத்தலை, பந்தி... ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் புது சிஸ்டம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. காலி டிஸ்க் காலியாகவே இருந்தது. திரையில் பச்சை எழுத்தில் வாழ்த்துகள்!

“வயர மாத்தி மாட்டிட்டியா?”

“கைக்கு எட்டுனத மாட்டுனேன். இதுல எது எங்கன்னு கணக்கு இருக்கா?”

“பொட்டு வச்ச வயர்லதானே புது டிஸ்க மாட்டணும்!”

“எந்தப் பொட்டு?”

காட்டினேன். ஆயுத பூஜைக்கு நாங்கள் வழக்கமாக எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்போம். போன பூஜையில் இந்தக் கம்ப்யூட்டர் திறந்து கிடந்தது. முதல் இணைப்பில் இருந்த வயருக்கு ஒரு பொட்டு வைத்தேன். அடையாளத்துக்கு அடையாளமும் ஆயிற்று. அன்றிலிருந்து என் கை தானாக அந்த வயரைத்தான் தேடும். புது டிஸ்கை அதில்தான் மாட்டும். அந்த வயரில் எது இருக்கிறதோ அதுதான் கம்ப்யூட்டருக்கு முதல் டிஸ்க். நாற்பத்தோரு தடவையும் டிஸ்குகளை மாட்டியவன் நான். நாற்பத்திரண்டாவது தடவைதான் ஜைனப் மாட்டினாள்.

அவள் குனிந்து பார்த்தாள்.

“இதா? ஏதோ கறைன்னுல்ல நெனச்சேன்.” நிமிர்ந்தாள். “காக்கா... ஸ்கூல்ல இருக்க கம்ப்யூட்டருக்குள்ள இந்தப் பொட்டு இருக்கா?”

எப்படி இருக்கும்? இருபத்தெட்டு கம்ப்யூட்டர். புது டிஸ்கை மாட்டியவர் எந்த வயர் கைக்கு வந்ததோ அதில் மாட்டியிருப்பார். யார் முதல், யார் இரண்டாவது என்று யாருக்குத் தெரியும்? நாற்பத்தோரு தடவை நான் சோதித்தது ஸ்கிரிப்டை அல்ல. என் கைப்பழக்கத்தை.

மணியைப் பார்த்தேன். பத்தரை. ஸ்டெல்லா டீச்சருக்கு போன் போட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி. மறுபடி. அந்தப் பள்ளியில் டீச்சர்கள் போனை ஸ்டாஃப் ரூம் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வகுப்புக்குப் போக வேண்டும். நல்ல சட்டம். அன்றைக்கு மட்டும் எனக்கு அதன் மேல் கெட்ட கோபம் வந்தது. பள்ளி ஆபீஸ் நம்பர்? சனிக்கிழமை, ஆள் இல்லை.

ஹெல்மெட்டை எடுத்தேன். ஜைனப் வாசல் வரை வந்தாள்.

“காக்கா, பைய போங்க. அழியணும்னா இந்நேரம் அழிஞ்சிருக்கும்.”

ஆறுதல் சொல்ல இவளை விட்டால் ஆள் கிடையாது!

கிருஷ்ணாபுரம், செய்துங்கநல்லூர், கருங்குளம்... எத்தனையோ தடவை போன ரோடு. அன்றைக்கு மட்டும் அது நீண்டுகொண்டே போனது. கருங்குளம் தாண்டி, வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று எனக்கு முன்னால் ஆடி அசைந்து போனது. முந்த வழியில்லை. அந்தத் தார்களைப் பார்த்துக்கொண்டே பின்னால் போனேன். என் தலைக்குள் மன்னிப்புக் கேட்கும் வசனங்கள் ஓடின. ‘டீச்சர், ஒரு சின்னத் தவறு...’ சின்னதா? ‘டீச்சர், தொழில்நுட்பத்தில் சில சமயம்...’ சீ! வெட்டின வாழையை மறுபடி நிற்க வைத்துப் படம் எடுக்க எந்தத் தொழில்நுட்பம் இருக்கிறது? அந்தப் பிள்ளைகளை நினைத்தபோது நிஜமாகவே அழுகை வந்தது. ஹெல்மெட்டுக்குள் யாருக்குத் தெரியப் போகிறது?

ஆற்றுப் பாலம் ஏறி இறங்கி, பள்ளிக்குள் போய், ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போடாமலே சுவரில் சாய்த்துவிட்டு ஓடினேன்.

“டீச்சர், மாட்டாதீங்க!”

கம்ப்யூட்டர் ரூமில் பத்துப் பன்னிரண்டு மாணவிகள். நடுவில் ஸ்டெல்லா டீச்சர், கையில் டீ டம்ளர்.

“மாட்டியாச்சே சார்” என்றார். “நீங்க சொன்ன மாதிரியே டீ குடிச்சிட்டு வந்தோம். முடிஞ்சிருச்சு.”

திரையில் பச்சை எழுத்து. வாழ்த்துகள்! அந்தச் சொல்லை எழுதிய விரலை ஒடிக்கலாம் போல இருந்தது.

“எந்தக் கம்ப்யூட்டர் டீச்சர் இது?”

“என்னுது. பிள்ளைங்க மெஷின்ல மொதல்ல மாட்ட மனசு வரல.”

எல்லாத் தோட்டத்துப் படங்களையும் பிள்ளைகளின் மெஷின்களிலிருந்து மாற்றி ஒன்றாகச் சேர்த்து வைத்திருந்ததும் அதில்தான். உட்கார்ந்து பார்த்தேன். பயந்தபடியேதான். காலி டிஸ்க் காலி. பெரிய டிஸ்கில், படங்கள் இருந்த இடத்தில் புது சிஸ்டம். இரண்டாம் முறை பார்த்தேன். மூன்றாம் முறை பார்த்தேன். எத்தனை முறை பார்த்தால் என்ன?

“போச்சா சார்?” என்றார் டீச்சர். அதே மெல்லிய குரல்.

வழியெல்லாம் தயாரித்த வசனம் ஒன்றும் வரவில்லை. “போச்சு டீச்சர்” என்றேன். “முழுசாப் போச்சு. என் தப்பு. சோதனை முடியாமலே உங்ககிட்ட கொண்டுவந்து கொடுத்துட்டேன்.”

ஐம்பது வயதில், பத்துப் பன்னிரண்டு பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்னால் அதைச் சொல்வது லேசான காரியம் இல்லை. எனக்கு யார் முகத்தையும் பார்க்கத் தைரியமில்லை. கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஏட்டி, அந்த டிபன் பாக்ஸ எடுங்க” என்றார் டீச்சர்.

இந்த நேரத்தில் சாப்பாடா? ஒரு பெண் அலமாரியைத் திறந்து பெரிய எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஒன்றை எடுத்து வந்தாள். உள்ளே கைக்குட்டையில் சுற்றி இரண்டு ஹார்ட் டிஸ்குகள்.

“ஒண்ணு எங்க ஹெச்செம்மோடது. இன்னொண்ணு, கல்யாண போட்டோ எடுக்குத ஸ்டூடியோக்காரர்கிட்ட கடன் வாங்குனது. நேத்து நீங்க கிளம்புனதும் பிள்ளைங்க எல்லாரும் இருந்து காப்பி எடுத்தோம். இருபத்தெட்டு கம்ப்யூட்டர்ல இருந்தும். ரெண்டு ரெண்டு காப்பி. திங்கக்கிழமை முகூர்த்தத்துக்கு முன்னால அவருக்குத் திருப்பிக் குடுத்துரணும்.”

நான் அந்த டிஸ்கை வாங்கி மாட்டினேன். திறந்தது. வாழை இலைகள். பச்சை, மஞ்சள், ஓரம் கருகியது, புள்ளி விழுந்தது... கீழே கையால் எழுதிய குறிப்புகளோடு வரிசையாக வந்தன. ஒரு வாழை இலையைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது கிடையாது. மாடிக்குக் கீழேயே இலைக்கடை இருந்தும்!

மூச்சு வந்த பிறகு கேட்டேன். “டீச்சர், நான்தான் காப்பி தேவையே இல்லன்னு சொன்னேனே?”

“அதனாலதான் சார் எடுத்தேன்.”

“புரியல டீச்சர்.”

“இருபது வருசமா கிளாஸ்ல நிக்கேன். ‘கொஞ்சம் படிச்சிருக்கேன் டீச்சர், சந்தேகமா இருக்கு’ன்னு சொல்லுத பிள்ளையப் பத்தி எனக்குக் கவலையே கிடையாது. ‘எல்லாம் படிச்சாச்சு டீச்சர், நூத்துக்கு நூறு’ன்னு அழுத்திச் சொல்லுதுல்லா ஒரு பிள்ளை... அதத்தான் மொதல்ல எழுப்பிக் கேள்வி கேப்பேன்.”

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். ‘எழுப்பிக் கேட்கப்பட்ட பிள்ளை’ யாரென்று அவர்களுக்கு என்னைவிட நன்றாகப் புரிந்திருந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. கண்ணில் நீரும் வந்தது. இந்த முறை ஹெல்மெட் இல்லை. அதனால் என்ன?

ஜைனப்புக்கு போன் செய்து, ஒன்றும் போகவில்லை என்றேன். “அல்ஹம்துலில்லாஹ்” என்றாள். அவளும் அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அப்புறம், “மெயில் பாருங்க சார்” என்றாள். ‘சார்’ திரும்பி வந்துவிட்டது, அப்பாடா! நான் லாரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்த நேரத்தில் அவள் ஸ்கிரிப்டைத் திருத்தி அனுப்பியிருந்தாள். வெறும் நான்கைந்து வரி. ‘யார் முதல்?’ என்று இனி அது பார்க்காது. ‘நீ காலியா?’ என்று ஒவ்வொரு டிஸ்கையும் பார்க்கும். காலி இல்லாததைத் தொடாது. சந்தேகம் வந்தால் வேலையை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடும். பாக்கி இருந்த மூன்று விதத்தையும் வயர்களை மாற்றி மாற்றி மாட்டிப் பார்த்திருந்தாள்.

யோசித்துப் பார்த்தால், நான் பாடுபட்டு எடுத்துப் போட்ட கேள்விகளில் ஒன்றை அவள் திரும்ப உள்ளே வைத்திருக்கிறாள். அவ்வளவுதான். நமக்கு எரிச்சலூட்டும் கேள்விகளில் ஒன்றிரண்டு நம்மைக் காப்பாற்றத்தான் கேட்கப்படுகின்றன போலிருக்கிறது. வீட்டில் கேஸை மூடியாச்சா என்று மூன்று தடவை கேட்பவர்களிடம் நான் இனி முறைக்கப் போவதில்லை.

திருத்திய ஸ்கிரிப்டைப் பென்டிரைவில் ஏற்றினேன். அடுத்த கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்றேன். பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். டீச்சர் டிபன் பாக்ஸைக் கையிலேயே வைத்திருந்தார்.

“இது சரியா வருமா சார்?”

நூற்றுக்கு நூறு என்று நாக்கு நுனி வரை வந்தது. பழக்க தோஷம்! விழுங்கினேன்.

“தெரியல டீச்சர்” என்றேன். “வரணும். ஆனா நம்ம ரெண்டு பேரும் இங்கனயே உக்காந்து பாத்துட்டே இருப்போம்.”

ஸ்டெல்லா டீச்சர் டிபன் பாக்ஸை மேஜையில் வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அப்ப சரி. தைரியமா மாட்டுங்க.”